சுசித்ரா மாற்றிச் சொன்னது

சுசித்ராவுக்கு அந்த வேலை கிடைத்ததே, தமிழும் இங்கிலீஷும் ஒன்றுபோலப் பேசுவாள் என்பதால்தான். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இயங்கிவந்த சுற்றுச்சூழல் கல்வி மையம் அது. ஒவ்வொரு ஜனவரியிலும் வெளிநாட்டிலிருந்து ஆறு பேர், நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆறு பேர் என்று சேர்த்து மூன்று வார முகாம் நடத்துவார்கள். ஒரு ஊர், ஒரு ஓடை. அந்த ஓடையை ஆராய வேண்டும். ஊர்க்காரர்களோடு சேர்ந்து உருப்படியாக ஒரு வேலை செய்ய வேண்டும். பிறகு அதைப் பாடமாக்கி அவரவர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வருடம் பூம்பாறை ஓடை. முகாம் முழுக்கக் கூடவே இருந்து, இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கம் சொல்வதுதான் சுசித்ராவின் பொறுப்பு.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. சொந்த ஊர் அடுக்கம். அப்பா ஜீப் ஓட்டுகிறவர். அவள் ஐந்தாவது படித்த வருடம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காப்பித் தோட்டத்து வேலி விஷயமாகப் பேச்சு நின்றுபோனது. பக்கத்துப் பக்கத்து வீடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுசித்ராவைத்தான் அனுப்புவார்கள். வேலியில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டு வா என்பார் அப்பா. அவள் போய், "வேலியப் பாத்துப் பிரிக்கச் சொன்னாரு சித்தப்பா, முள்ளு கெடக்காம்" என்பாள். அங்கிருந்து வரும் பதிலையும் அதேபோலத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள். ஆறு மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே ஜீப்பில் பெரியகுளம் போய் வந்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது தான்தான் என்று அவள் மனதுக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

முகாமின் மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் பூம்பாறைக்குப் போய் இறங்கினார்கள். பள்ளத்தில் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. படிப்படியாக இறங்கிய பூண்டுத் தோட்டங்கள் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றன. பிள்ளைகள் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் விட்டு எண்ணினார்கள். சுத்தமான தண்ணீரில்தான் சில பூச்சிகள் பிழைத்திருக்கும். அவை எத்தனை வகை இருக்கின்றன என்று பார்த்தாலே தண்ணீரின் நிலைமை தெரிந்துவிடும். தோட்டங்களுக்கு மேலே, சோலைக்காட்டு ஓரத்தில் பதினொரு வகை கிடைத்தது. தோட்டங்களுக்குக் கீழே மூன்றுதான்.

அவர்கள் கீழே எண்ணிக்கொண்டிருந்தபோதே பொன்னுவேல் என்ற விவசாயி மருந்து மிஷினை முதுகில் சுமந்துகொண்டு ஓடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிஷினை இறக்கித் தண்ணீரில் சாய்த்து அலசினார். பால் கலந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடையில் இறங்கிப் போனது.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த யோனாஸ் அதைப் பார்த்துவிட்டான். பத்தொன்பது வயது. காலையிலிருந்து குளிரில் கை விறைக்க விறைக்கப் பூச்சி எண்ணியவன். நேரே அவரிடம் போய், நீங்கள் அடிக்கிற விஷம் இந்த ஓடையைக் கொன்றுகொண்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். கேட்டுவிட்டு சுசித்ராவைப் பார்த்தான்.

சுசித்ரா யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "அய்யா, இந்த ஓடைத் தண்ணிய நீங்கல்லாம் எப்படிப் பாத்துக்கிறீங்கன்னு கேக்குறாரு."

பொன்னுவேலுக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து வந்த பையன் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறானே என்று மிஷினைக் கரையில் வைத்துவிட்டுப் பேசினார். தண்ணீரை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, மேலே ஊற்றிலிருந்து ஒரு பைப் மட்டும் இழுத்துக் கொடுத்தால் நான் ஓடைப் பக்கமே வரமாட்டேன், வேண்டுமானால் இந்தக் கீழ்ப் பாத்தியில் மருந்தடிப்பதையும் நிறுத்திவிடுகிறேன், போதுமா என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

சுசித்ரா பைப்பை விட்டுவிட்டாள். ஓடையை அக்கறையோடு பார்க்கிறார், ஓடையை ஒட்டிய பாத்தியில் மருந்தை நிறுத்தவும் தயாராக இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள். யோனாஸின் முகம் மாறிவிட்டது. அவருடைய ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களால் ஆனதையெல்லாம் உங்களுக்குச் செய்வோம் என்றான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் ஒரு வார்த்தை குறையாமல் தமிழில் சொன்னாள். இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

எட்டாம் நாள் பொன்னுவேலின் மனைவி கந்தம்மாள் அவளைக் கூப்பிட்டு, தோட்டத்துக்குப் பின்னால் வந்து பார் என்றாள். ஊற்றிலிருந்து தோட்டத்து மேல்வரப்பு வரை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக் கிடந்தது. முன்னூறு அடி இருக்கும். பொன்னுவேலும் மச்சினர் சின்னச்சாமியும் மூன்று நாளாக வெட்டியிருக்கிறார்கள். பைப் கொண்டுவருகிறவர்கள் வந்ததும் வெரசாப் பதித்துவிடலாம், அவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று கந்தம்மாள் சொன்னாள். ஊரிலும் சொல்லியாயிற்றாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் பொன்னுவேலுக்கு முதலில் போட்டுக் கொடுத்து, பிறகு மற்றவர்களுக்கும் போடுவார்கள் என்று நாலைந்து பேர் இப்போதே வந்து விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

சுசித்ராவுக்கு மட்டும்தான் தெரியும். பைப் வரப்போவதில்லை. முகாமின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அங்கிருந்து கீழே வந்தால் யோனாஸ் மடிக்கணினியைத் திறந்து எல்லோருக்கும் ஒரு வீடியோ காட்டிக்கொண்டிருந்தான். பொன்னுவேல் ஓடைக்கரையில் நின்று சிரிக்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது: ஓடைக்காக மருந்தைக் கைவிட்ட மலை விவசாயி. முந்தின நாளே தன் பள்ளிக்கு அனுப்பிவிட்டானாம். நானூறு பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டினார்களாம்.

அன்று மாலை அவள் மைய இயக்குநர் குமாரவேல் சாரைப் பார்த்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் இருபது வருடமாக அந்த மையத்தை நடத்துகிறவர், கோபப்படவில்லை. இந்த வேலையில் இப்படியெல்லாம் வரும் என்றார். நாளைக்கு நானே வருகிறேன், பைப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிவிடலாம், விவசாயி மனதை மாற்றிக்கொண்டார் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம், யாருக்கும் மனவருத்தம் இல்லை, நீ இரண்டு நாள் ஆபீஸிலேயே இரு என்றார்.

அவர் சொன்னது அவள் காலமெல்லாம் செய்துவந்ததுதான். அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது உடம்பு கூசியது. பொன்னுவேல் பள்ளம் வெட்டியது அவரை ஏமாளியாக்கிவிடும். போதாததற்கு வாக்கு மாறியவர் என்ற பெயரும் வந்து சேரும். அது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

"வேண்டாம் சார். நானே சொல்லிக்கிறேன்."

"ரெண்டு பக்கமும் கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும் சார்."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸுக்கே போனாள். பன்னிரண்டு பேரையும் பொன்னுவேல் வெட்டிய பள்ளத்தருகே வரச்சொன்னாள். பொன்னுவேலும் கந்தம்மாளும் சின்னச்சாமியும் இருந்தார்கள். பைப் வந்துவிட்டது என்று நினைத்து கந்தம்மாள் டம்ளர்களில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சுசித்ரா நின்றுகொண்டே பேசினாள். ஒரு வாக்கியம் தமிழில், அதையே இங்கிலீஷில். அன்று யோனாஸ் கேட்டது இது, நான் உங்களிடம் சொன்னது இது. நீங்கள் சொன்னது இது, நான் அவர்களிடம் சொல்லாமல் விட்டது இது. பைப் தருவதாக யாரும் சொல்லவில்லை. பைப் இல்லாமல் மருந்தை நிறுத்துவதாக அவரும் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னது நான். சண்டை வரக்கூடாதென்று செய்தேன். இரண்டு மொழியிலும் சொல்லி முடித்தாள்.

முதலில் பேசியது யோனாஸ். முகம் சிவந்திருந்தது. நாங்கள் தாங்கமாட்டோம் என்று நினைத்தாயா என்று கேட்டான். நானூறு பிள்ளைகளிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டான். சின்னச்சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று நாள் சோலி போச்சு என்று முனகியபடி கிளம்பிவிட்டார்.

பொன்னுவேல் காப்பி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"தாயி," என்றார். "அந்தப் பையன் அன்னைக்கு மொதல்ல கேட்டதை இன்னொருக்கச் சொல்லு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் கொறைக்காத."

அவள் சொன்னாள். நீங்கள் அடிக்கிற விஷம் இந்த ஓடையைக் கொன்றுகொண்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்," என்றார் பொன்னுவேல். "அவன் கேட்டது மரியாதையில்லாத கேள்விதான். ஆனா இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் கேக்கலையே."

பிறகு அவர் வரப்பில் போய் யோனாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுசித்ராவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, நிதானமாக, இடைவெளி விட்டு விட்டுப் பேசினார். பனிக்காலத்தில் பூண்டுத் தாள் நுனி கருகிப்போகும். மருந்தடிக்காவிட்டால் பூண்டு சிறுத்துவிடும், வடுகபட்டி சந்தையில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதை நிறுத்த முடியாது, நிறுத்துவேன் என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் செடிக்கு அடிக்கிற மருந்து வேறு, மிஷினைக் கழுவி ஓடையில் விடுகிற மருந்து வேறு. மிஷின் அடியில் தங்குகிறது, டப்பாவில் ஒட்டியிருக்கிறது, எல்லாம் அப்படியே தண்ணீருக்குத்தான் போகிறது. அது தேவையே இல்லாதது. கழுவ வேறு தண்ணீர் கிடையாது. அதற்குத்தான் பைப் கேட்டேன்.

சுசித்ரா ஒவ்வொன்றையும் சொன்னாள். சரியான வார்த்தை வராத இடத்தில் நிறுத்தி, அவரிடமே திரும்பக் கேட்டுச் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கென்யாவிலிருந்து வந்த அக்கின்யி அருகில் வந்து உட்கார்ந்தாள். முகாமில் அதுவரை அதிகம் பேசாத பெண். அவள் அம்மா ஒரு ஏரிக்கரையில் ரோஜாப் பண்ணையில் வேலை செய்தவள். அந்தப் பண்ணையிலும் இதே பிரச்சினை இருந்ததாம். ஓடையை விட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டுவார்கள். அடியில் தண்ணீர் இறங்காதபடி களிமண் பூசி, மேலே வைக்கோலும் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புவார்கள். மிஷினை அதன் மேல் வைத்துத்தான் கழுவ வேண்டும். எருவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். மேலே புல் வளர்த்து மழைக்கு ஒரு கூரை போட்டுவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். சின்ன வயதில் அதன் ஓரத்தில் விளையாடப்போய் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்றாள்.

இந்த மலைமேல் வைக்கோலுக்கு எங்கே போவது என்று பொன்னுவேல் கேட்டார். கந்தம்மாள்தான் பதில் சொன்னாள். போன போகத்துக் காய்ந்த பூண்டுத் தாள் கொட்டகைக்குப் பின்னால் மலைமாதிரி கெடக்கு, அது ஆகாதா என்றாள். அக்கின்யி எழுந்துபோய் ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, ஆகும் என்று தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் குழி வேலை தொடங்கியது. முகாமின் நினைவாக ஓடைக்கரையில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை வைப்பதாகத் திட்டம் இருந்தது. பலகை வேண்டாம், அதற்குப் பதிலாகக் கறுப்பு ஹோஸ் வாங்கலாம் என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். குமாரவேல் சார் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முன்னூற்று நாற்பதடி ஹோஸ் காய்கறி லாரியில் ஏறி வந்தது. வெட்டிய பள்ளம் வீணாகவில்லை. ஆனால் மேல்வரப்பிலேயே நின்றுவிடாமல், ஓடையை விட்டு விலகி, கழுவும் குழி வரைக்கும் இன்னும் நாற்பதடி வெட்ட வேண்டியிருந்தது. அந்த நாற்பதடியை யோனாஸ் வெட்டினான். உள்ளங்கையில் கொப்புளம் வெடித்ததும் கந்தம்மாள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் சின்னச்சாமியும் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குக் குழியில் இறங்கிக் களிமண்ணை மிதித்தார்.

சுசித்ராவுக்கு அந்த நாட்கள் எளிதாக இல்லை. யோனாஸ் தேவைக்கு மட்டும்தான் பேசினான். அவள் ஏதாவது மொழிபெயர்த்தால், அவர் சொன்னது முழுவதும் அதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வான். அவளும் சலிக்காமல் ஆமாம், முழுவதும் அதுதான் என்பாள். நாலாம் நாள் அந்தக் கேள்வி நின்றது. அன்று சாப்பாட்டு வேளையில் அவன் அவளிடம் வந்து, ஒரு பெரியவரைக் குறை சொல்லாமல் தமிழில் எப்படிக் கேள்வி கேட்பது என்று கேட்டான். அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு, தான் அன்று கேட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றான். நான் மாற்றிச் சொன்னதை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குழி தயாரானதும் ஊரில் மருந்து மிஷின் வைத்திருக்கிறவர்கள் ஆறேழு பேர் வந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பூண்டுத் தாளைப் புதைத்து வைத்துக் கும்பிடப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். மறுநாள் காலையில் பொன்னுவேலோடு இன்னும் இரண்டு பேர் மிஷினைக் கொண்டுவந்து அங்கே கழுவினார்கள். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். சுசித்ரா குறிப்பேட்டில் மூன்று பேர் என்றே எழுதினாள்.

முகாம் முடிவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, யோனாஸின் பள்ளியோடு நேரலையில் பேச ஏற்பாடாகியிருந்தது. இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே காலை வகுப்பு தொடங்கியிருந்தது. சிக்னலுக்காக எல்லோரும் மேல்வரப்புக்கு ஏறினார்கள். திரையில் முப்பது நாற்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யோனாஸ் முதலில், முந்தைய வீடியோவில் தான் சொன்னது தவறு என்று அவர்களிடம் விளக்கினான். எப்படித் தவறானது என்பதை சுசித்ராவே சொன்னாள். பிறகு பொன்னுவேலை நடுவில் உட்காரவைத்தார்கள். வெளுத்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார்.

அவர் சிக்கனமாகத்தான் பேசுவார் என்று நினைத்திருந்தார்கள். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஊற்றிலிருந்து தொடங்கி, பூண்டு, பனி, சந்தை, மிஷின், குழி என்று வரிசையாகச் சொன்னார். சுசித்ரா இரண்டு முறை கையைத் தூக்கி, அய்யா, கொஞ்சம் நில்லுங்க, இதைச் சொல்லிக்கிறேன் என்று நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பெண் கை தூக்கி, அந்தக் குழியால் ஓடை சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"இன்னும் தெரியாது," என்றார் பொன்னுவேல். "மூணு பேருதான் கழுவுறோம். மழை முடிஞ்சு மையத்துக்காரங்க எண்ணிப் பாக்கணும். ஒண்ணும் மாறலைன்னாலும் மாறலைன்னுதான் சொல்லுவோம்."

அவள் அதை அப்படியே சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

பிறகு பொன்னுவேல் தானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். "நீங்க எங்க ஓடையப் பத்திக் கேட்டீங்க. உங்க ஊரு ஓடையில யாரு என்ன ஊத்துறாங்க?"

சுசித்ரா யோனாஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொல்லு என்பதுபோலத் தலையசைத்தான். அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்தார், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், எங்களுக்குத் தெரியாது, பள்ளிக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது, நாங்கள் அதில் இறங்கியதே இல்லை என்றான். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறோம் என்று ஆசிரியை சொன்னார்.

"எறங்கச் சொல்லு," என்றார் பொன்னுவேல். "குளிருக்குக் கால்ல சாக்ஸ் போட்டுக்கிட்டு எறங்கச் சொல்லு."

அதையும் சொன்னாள். வகுப்பே சிரித்தது. இந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் நடந்தது. கந்தம்மாள் பூண்டுக் குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்திருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் முழுப் பூண்டை விரலால் நசுக்கிச் சாப்பிடப் பழகியிருந்தார்கள். சுசித்ராவுக்கு எதிரும் புதிருமாக நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் சாப்பிடவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். வாயில் சோற்றோடு, ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். நாலரை மணி பஸ்ஸின் ஹாரன் கீழே கேட்டது. அடுத்ததற்குப் போய்க்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.